பரண்ல ஓடுற பைப்புக்கும் குளிரும் பாஸ்! பனி நாட்டுக்குப் போற நம்ம ஊர் பசங்களுக்கு ஒரு ஸ்ப்ரிங்க்ளர் பாடம்

கார்த்திகை தீபம் முடிஞ்ச வாரம். செஞ்சி ரோட்டில் திருவண்ணாமலை கூட்டமெல்லாம் வடிஞ்சு, கீழ்பென்னாத்தூர் மறுபடி நம்ம ஊராக மாறியிருந்த நேரம். எங்கள் தெரு அண்ணன் ஒருத்தர் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஐ.டி வேலையில் இருக்கிறார். அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுப்பது எப்பவும் என் வேலை. அன்னைக்கு கால் எடுத்தவர், ஏணி மேல் நின்னுக்கிட்டு, சீலிங்கில் இருந்த ஒரு சின்ன கதவுக்குள் தலையை விட்டு டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்தார்.

"என்னடா தம்பி, பரண்ல எலி புடிக்கிறியா?"

"இல்லம்மா. ராத்திரி ரொம்ப குளிரப்போகுதாம். தீ அணைக்கிற பைப் மேல போர்வை சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"குளிர்ற உடம்புக்குப் போர்த்திக்கிறத விட்டுட்டு பைப்புக்குப் போர்த்துறியா? நல்லா இருக்குடா உங்க ஊரு!"

அம்மா சிரிச்சுட்டாங்க. நானும்தான். ஆனால், போனை வெச்ச பிறகு ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருந்தது. தீ அணைக்கிற பைப்புக்குக் குளிர் என்ன செய்யும்? அதுக்கு எதுக்கு போர்வை? விசாரிக்க ஆரம்பிச்சா, இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. படிக்கவோ வேலைக்கோ கனடா, அமெரிக்கா என்று கிளம்பும் ஒவ்வொருத்தரும், அவங்களை வழியனுப்பும் ஒவ்வொரு வீடும் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய விஷயம். மூணு நிமிஷம் அதிகமா எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லை, முழுசா படிங்க.

முதல்ல, ஸ்ப்ரிங்க்ளர்னா எது?

நம்ம பக்கம் ஸ்ப்ரிங்க்ளர்னா மல்லாட்டைக் கொல்லையில் சுத்திச் சுத்தித் தண்ணி தெளிக்குமே, அதுதான் ஞாபகம் வரும். இது அதோட ஒண்ணுவிட்ட தம்பி. சென்னையில் மால், தியேட்டர், பெரிய ஆஸ்பத்திரிகளில் அண்ணாந்து பாருங்க. சீலிங்கில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குமிழ் தொங்கும். அதன் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குப்பி, பெரும்பாலும் சிவப்புத் திரவத்தோட. அதுதான் தீயணைப்பு ஸ்ப்ரிங்க்ளர்.

வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். அறையில் தீப்பிடிச்சா சூடு மேலே ஏறும். சிவப்புத் திரவம் இருக்கும் குப்பி 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும். அது அடைச்சு வெச்சிருந்த வாய் திறக்கும், பைப்பில் ஏற்கெனவே அழுத்தத்தோடு காத்திருக்கும் தண்ணீர் கொட்டும். கரன்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம், யாரும் பட்டனைத் தட்ட வேண்டாம்.

சினிமாவில் ஹீரோ சிகரெட் லைட்டரைக் காட்டினதும் மொத்த பில்டிங்கிலும் மழை கொட்டுமே, அது ரீல். நிஜத்தில் தீக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழ் மட்டும்தான் திறக்கும். புகைக்கோ, தோசைக்கல் ஆவிக்கோ அது அசையாது.

அமெரிக்காவில் இது மால்களுக்கு மட்டும் இல்லை, குடியிருக்கும் வீடுகளுக்கும் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் 2011 ஜனவரி 1 முதல் புதுசா கட்டும் தனி வீடுகளுக்கும் ஸ்ப்ரிங்க்ளர் கட்டாயம். அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டப்படுகின்றன என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க. தீ பிடிச்சா நிமிஷக் கணக்கில் பரவும். ஸ்ப்ரிங்க்ளர் இருக்கும் வீடுகளில் தீ விபத்து மரண விகிதம் 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைவு என்று அந்த நாட்டின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம், அதாவது என்.எஃப்.பி.ஏ, சொல்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் நம்ம பசங்களுக்கு அது ஒரு காவல்காரன்.

அப்போ பரண் எங்கே வருது?

நம்ம ஓட்டு வீட்டில் கூரைக்குக் கீழே பலகை அடிச்சு, பித்தளை அண்டா, பழைய பாய் எல்லாம் போட்டு வெச்சிருப்போமே, அந்தப் பரண் மாதிரிதான். அங்கே சரிவான கூரைக்கும், அறையின் சீலிங்குக்கும் நடுவில் ஒரு காலி இடம் இருக்கும். அட்டிக் என்பார்கள். சீலிங்கில் ஸ்ப்ரிங்க்ளர் வரணும்னா அதுக்கான பைப் சீலிங்குக்கு மேலேதான் ஓடணும். மேல்மாடி அறைகளுக்கு அந்த ‘மேலே’ என்பது இந்தப் பரண்தான்.

பிரச்னை இங்கேதான் ஆரம்பம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், 20 டிகிரியில் ஜம்முனு இருக்கும். ஆனால், பரணுக்கு ஹீட்டர் கிடையாது. ஈரம் சேராமல் இருக்க, கூரை ஓரத்தில் காத்தோட்டத்துக்கு வழி விட்டிருப்பார்கள். வெளியே மைனஸ் 10 என்றால், பரணும் கிட்டத்தட்ட அந்தக் குளிருக்குப் போய்விடும். தூங்கும் தலைக்கு மேலே ஒரு ஃப்ரீசர் இருக்குன்னு வெச்சுக்கங்க. அதுக்குள்ளேதான் தண்ணி நிறைஞ்ச பைப் ஓடுது.

உறைஞ்சா என்ன, உருகிடும்ல?

ஒரு வாட்டர் பாட்டிலை வாய் வரைக்கும் நிரப்பி, மூடியை டைட்டா மூடி ஃப்ரீசரில் வெச்சுப் பாருங்க. கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். காலையில் பாட்டில் புடைச்சுப்போய், அடி குவிஞ்சு நிக்கவே நிக்காது. காரணம், பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தா சுருங்கும், ஆனால் தண்ணீர் ஐஸாகும்போது விரியும். சுமார் 9 சதவிகிதம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 90 மில்லி கூடுதல் இடம் வேணும்.

பைப்புக்குள் இது நடந்தா? ஓரிடத்தில் ஐஸ் கட்டி அடைப்பு மாதிரி உருவாகும். அது வளர வளர, முன்னால் இருக்கும் தண்ணியைத் தள்ளும். அந்தப் பக்கம் ஸ்ப்ரிங்க்ளர் குமிழ் மூடியிருக்கு, தண்ணிக்கு ஓட வழி இல்லை. அழுத்தம் பல மடங்கு ஏறி, எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். பைப் பிளக்கலாம், ஜாயின்ட் பிடுங்கலாம், குமிழே சேதமாகலாம். அதனால்தான் பல நேரம் உறைஞ்ச இடம் ஒண்ணு, உடைஞ்ச இடம் வேற ஒண்ணாக இருக்கும்.

இதில் ஒரு தந்திரமும் இருக்கு. உடையும்போது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஐஸே அடைப்பா நின்னு தண்ணியைத் தடுத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு வெயில் அடிக்கும், ஐஸ் உருகும், அப்போதான் கொட்ட ஆரம்பிக்கும். வீட்டு ஸ்ப்ரிங்க்ளர் ஒண்ணு திறந்தாலே நிமிஷத்துக்குச் சுமார் 50 லிட்டர் வரும். அதாவது, நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் கேன் ரெண்டரை. அரை மணி நேரம் கவனிக்கலைன்னா மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் ஒண்ணரை, உங்க கட்டில் மேலே. சீலிங் அங்கே ஜிப்சம் பலகைதான். ஊறி, தொங்கி, பொத்துன்னு விழும்.

இன்னொரு ஆபத்து யாரும் பேசாதது. உறைஞ்ச பைப் உடையாமலே இருக்குன்னு வைங்க. அந்த ராத்திரியே தீப்பிடிச்சா? குப்பி வெடிக்கும், வாய் திறக்கும், தண்ணி வராது. ஐஸ் அடைச்சுக்கிட்டு நிக்கும். காவல்காரன் வாசலில் நிக்கிறான், கையைக் கட்டிப்போட்டாச்சு.

டெக்சாஸ் சொன்ன பாடம்

‘கனடான்னா சரி, டெக்சாஸ்லயுமா?’ என்று கேட்கலாம். நம்ம ஊர் மாதிரியே வெயில் கொளுத்தும் மாநிலம் அது. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டினில் தமிழர்கள் நிறைய. ஆனால், 2021 பிப்ரவரியில் அங்கே வந்த பனிப்புயல் எல்லாக் கணக்கையும் மாத்திருச்சு. பிப்ரவரி 16 அன்னைக்கு டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 1949-க்குப் பிறகு அந்த ஊர் பார்க்காத குளிர். மின் உற்பத்தி சரிஞ்சு, 45 லட்சம் வீடுகள், கடைகளுக்கு மேல் கரன்ட் போச்சு. கரன்ட் போனால் ஹீட்டர் போகும். ஹீட்டர் போனால் பரணுக்குக் கீழிருந்து கசியும் கொஞ்சநஞ்சச் சூடும் போகும்.

மாநிலம் முழுக்க வீடு வீடாகப் பைப்புகள் வெடிச்சன. குளிர் அதிகம் வராத ஊர் என்பதால், அங்கே தண்ணீர் பைப்பைப் பரண் வழியாகக் கொண்டுபோவது சகஜம். அந்தப் புயலில் 246 பேர் இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கு கொடுத்தது. குளிர் தாங்காமல் போனவர்கள்தான் அதில் பெரும்பகுதி. ஆனால், நமக்கான பாடம் ஒண்ணு உண்டு. எப்பவும் பனி பெய்யும் ஊரில் பைப்பைப் பத்திரமா வைக்கிறார்கள். எப்பவாவது பனி வரும் ஊரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெப்பமான தென் மாநிலங்களில் பரணில் போர்வை இல்லாமல் ஓடும் பைப்புகளுக்கு எந்தக் குளிரில் ஆபத்து தொடங்குதுன்னு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதிச்சுப் பார்த்தார்கள். 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் என்பதை எச்சரிக்கைக் கோடாகச் சொன்னார்கள். அதே நேரம், என்.எஃப்.பி.ஏ விதி இன்னும் கறார். தண்ணி நிறைஞ்ச ஸ்ப்ரிங்க்ளர் பைப் இருக்கும் இடம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகவே கூடாது.

போர்வை சூடு தராது. அப்போ என்ன தரும்?

இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. போர்வை சூட்டை உருவாக்குறது இல்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடாமல் பார்த்துக்குது, அவ்வளவுதான். ராத்திரி கம்பளிக்குள் சூடாக இருப்பது கம்பளியால் இல்லை, உங்க உடம்பால்.

சின்ன வயசில் ஐஸ் பார் வண்டி பார்த்திருப்பீங்க. பெரிய ஐஸ் கட்டி மேலே உமியோ மரத்தூளோ கொட்டி, சாக்கு போட்டு மூடியிருப்பார்கள். அதே சாக்குக்குள் சுடு சோத்துப் பானையை வெச்சா அதுவும் சூடாகவே இருக்கும். சாக்குக்கு ஐஸும் தெரியாது, சோறும் தெரியாது. அதுக்குள் அடைபட்டிருக்கும் காத்து சூட்டை அங்கிட்டும் இங்கிட்டும் போக விடாது. பரணில் போடும் கண்ணாடி நார்ப் பஞ்சும் இதே வேலையைத்தான் செய்யுது.

இப்போ ஒரு கேள்வி. உங்க உடம்பு மாதிரி, பைப்புக்குச் சூடு தர்றது யார்? பைப்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. சமையலறைக் குழாயாவது தினமும் திறக்கிறோம், புதுத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். அதனால்தான் குளிர் ராத்திரியில் குழாயைச் சொட்டுச் சொட்டா திறந்து வைக்கச் சொல்வார்கள். லடாக்கில் டியூட்டி பார்த்த நம்ம பக்கத்து ராணுவக்காரர்களைக் கேளுங்க, இதையேதான் சொல்வாங்க. ஆனால், பெரும்பாலான ஸ்ப்ரிங்க்ளர் பைப்பில் தண்ணி வருஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிக்கும். சொட்ட விடவும் வழி இல்லை. வெறும் பைப்பைச் சுத்தி ஸ்பாஞ்ச் குழாய் மாட்டி, குளிர்ந்த பரணில் தொங்க விட்டால், உறையறதுக்குக் கொஞ்ச நேரம் கூட ஆகும். அவ்வளவுதான், கடைசியில் உறைஞ்சிடும்.

ஆக, பைப்புக்குச் சூடு தர்றது ஒரே ஒருத்தர்தான். கீழே இருக்கும் உங்க அறை.

போர்வையை எங்கே போடணும்?

அறையின் சூடு சீலிங் பலகை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமா மேலே கசியும். பைப் அந்தச் சீலிங்கை ஒட்டி, மரச்சட்டங்களுக்கு நடுவே தாழ்வாக ஓடினால், அந்தக் கதகதப்பு அதுக்குக் கிடைக்கும். இப்போ மேலே மட்டும் பஞ்சைப் போர்த்தினால், கசியும் சூடு பைப்பைச் சுத்தி ஒரு கூடாரத்துக்குள் மாட்டிக்கிட்ட மாதிரி நிக்கும். பைப் அறையோட சேர்ந்த ஆளாயிடும்.

மனசில் எழுதி வெச்சுக்க வேண்டிய விதி இதுதான்: போர்வை பைப்புக்கு மேலே. பைப்புக்கும் சீலிங்குக்கும் நடுவில் எதுவும் வேண்டாம்.

‘ரெண்டு பக்கமும் போட்டா இன்னும் நல்லதுதானே’ன்னு தோணும். தோணக் கூடாது. கீழேயும் பஞ்சு போட்டால், அறையிலிருந்து வர்ற சூட்டை நீங்களே தடுத்துட்டீங்க. அடுப்புக்கும் பானைக்கும் நடுவில் பலகை வெச்ச கதை. பைப் குளிர்ந்த பரணோட ஆளாயிடும்.

அடுத்து கவனிக்க வேண்டியவை:

* இடைவெளி கூடாது. கொசுவலையில் ஒரு ஓட்டை இருந்தா போதும்ல, அதே கதைதான். ஒரு முழ நீளத்துக்குப் பஞ்சு விலகியிருந்தா, அந்த முழத்தில்தான் ஐஸ் கட்டும். ஏசி மெக்கானிக்கோ, கேபிள்காரரோ பரணில் ஏறி வேலை பார்த்துட்டுப் பஞ்சைத் தள்ளி விட்டுட்டு வர்றதுதான் பல இடங்களில் நடக்குது.

* காத்து அடிக்கும் இடம். கூரை ஓரக் காத்து வழிக்குப் பக்கத்தில் தளர்வான பஞ்சைத் தூவியிருந்தால், காத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கிடும். அங்கே தடுப்பு அட்டை வைக்கணும். அதுக்காகக் காத்து வழியையே அடைக்கக் கூடாது, ஈரம் சேர்ந்திடும்.

* ஈரம். நனைஞ்ச கம்பளி குளிரைத் தாங்காது, நனைஞ்ச பஞ்சும் அப்படித்தான். கூரை ஒழுகினால் முதலில் அதைச் சரி பண்ணணும்.

* அமுக்கக் கூடாது. அட்டைப்பெட்டி, சூட்கேஸ் எல்லாம் பஞ்சு மேலே அடுக்கினால், உள்ளே இருக்கும் காத்து போயிடும். காத்து போனால் போர்வைக்கு வேலையே இல்லை.

* பாக்கெட்டில் இருக்கும் ஆர் எண். ஆர்-30, ஆர்-38 என்று போட்டிருக்கும். எண் கூடக் கூட தடுப்புச் சக்தி கூடுது என்று அர்த்தம். எந்த எண் வேணும்னு அந்தந்த ஊர் விதி சொல்லும்.

இதையெல்லாம் செஞ்சிடாதீங்க!

நல்லது பண்றேன்னு நினைச்சு ஆபத்தை வாங்கிக்கிறது சுலபம்.

ஒண்ணு, ஸ்ப்ரிங்க்ளர் குமிழையோ, அதை மூடியிருக்கும் வட்டத் தட்டையோ பஞ்சாலோ, டேப்பாலோ மூடக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது. சூடு படலைன்னா அது திறக்காது.

ரெண்டு, வீட்டு ஸ்ப்ரிங்க்ளர் பைப் பல இடங்களில் ஆரஞ்சு நிற சி.பி.வி.சி பிளாஸ்டிக்கில் இருக்கும். சில வகை ஸ்ப்ரே ஃபோம், எண்ணெய், கரைப்பான் பட்டா அந்த பிளாஸ்டிக் நாளடைவில் விரிசல் விடும். கடையில் கிடைச்ச ஃபோமை வாங்கி அடிச்சு விடாதீங்க. ‘சி.பி.வி.சி-க்கு ஏத்தது’ என்று தயாரிப்பாளர் சொன்னது மட்டும்தான்.

மூணு, பைப்பைச் சுத்தும் மின்சார ஹீட்டிங் கேபிளை ஆன்லைனில் வாங்கி நீங்களே சுத்தாதீங்க. ஸ்ப்ரிங்க்ளருக்கென்று அங்கீகரிக்கப்பட்டது மட்டும்தான் அனுமதி. தீ அணைக்கும் பைப்பிலேயே தீ ஆரம்பிச்சா எப்படி?

நாலு, உறைஞ்ச பைப்பை கேஸ் டார்ச்சாலோ, நெருப்பாலோ உருக்கவே கூடாது. சுத்தி மரமும் பஞ்சும் தூசும்.

அஞ்சு, சீலிங்கில் பதிச்ச பழைய மாடல் லைட் மேலே பஞ்சைப் போர்த்தக் கூடாது. சூடு வெளியே போக முடியாமல் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஆன்டிஃப்ரீஸ் ஊத்திட்டா முடிஞ்சுதே?

கார் ரேடியேட்டரில் ஊத்துற மாதிரி, தண்ணி உறையாமல் இருக்க ஸ்ப்ரிங்க்ளர் பைப்பிலும் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ கலந்து வெச்சிருந்தார்கள். ரொம்ப வருஷமா இது சாதாரண வழக்கம். ஆனால், அந்தத் திரவங்கள் எரியக்கூடியவை. 2009-ல் கலிபோர்னியாவின் டிரக்கி என்ற மலை ஊரில், சமையலறை எண்ணெய்த் தீ மேல் இப்படி அளவுக்கு மீறிக் கலந்த ஸ்ப்ரிங்க்ளர் தெளிக்க, தீ குபீரென்று பரவி ஓர் உயிர் போனது. அதன் பிறகு சோதனைகள் நடத்தி, 2010-ல் என்.எஃப்.பி.ஏ எச்சரிக்கை விட்டது, புது வீடுகளுக்குத் தடையும் கொண்டுவந்தது. இப்போது அங்கீகாரம் பெற்ற கலவைகள் மட்டும்தான். ஆக, இது யூடியூப் பார்த்து செய்யும் வேலை இல்லை.

வேற வழிகளும் உண்டு. தண்ணிக்குப் பதில் காத்து நிறைஞ்சிருக்கும் ‘டிரை பைப்’ முறை. குமிழ் திறந்த பிறகுதான் தண்ணி உள்ளே வரும். குளிர் கிடங்குகளில் இதுதான். இன்னொன்று, பரணுக்கே போகாமல் உள்சுவர் வழியாகப் பைப்பைக் கொண்டுவந்து, சுவரிலிருந்து தெளிக்கும் வகை. ஆனால், ரெண்டுமே வீடு கட்டும்போது முடிவு பண்ண வேண்டியவை. கட்டி முடிச்ச வீட்டுக்குப் போர்வைதான் நண்பன்.

வாடகைக்குப் போறீங்களா? இதை சேவ் பண்ணிக்கங்க

நம்ம பசங்க பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து வாடகைக்குத்தான் இருப்பாங்க. பரணில் ஏறி ரிப்பேர் பார்ப்பது உங்க வேலை இல்லை. சட்டத்துக்கு மேல் கால் வைக்காமல் பலகையில் வெச்சா, நேரா கீழ் அறைக்கு வந்துடுவீங்க. ஆனால், இவையெல்லாம் உங்க கையில் இருக்கு:

1. வீடு பார்க்கும்போதே ஸ்ப்ரிங்க்ளர் இருக்கா, பைப் எந்த வழியா ஓடுதுன்னு கேளுங்க. குளிர் காலத்துக்கு முன்னால் பரணைச் செக் பண்ணச் சொல்லி வீட்டு நிர்வாகத்துக்கு மெயில் போடுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.

2. ஸ்ப்ரிங்க்ளர் வால்வு எங்கே இருக்குன்னு முதல் வாரமே பார்த்து வெச்சுக்கங்க. போட்டோ எடுத்து ரூம்மேட்ஸ் குரூப்பில் போடுங்க.

3. கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வர்றீங்களா? கரன்ட் பில் மிச்சம்னு ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு வராதீங்க. குறைந்தது 55 ஃபாரன்ஹீட், அதாவது 13 டிகிரி செல்சியஸில் ஓட விட்டுட்டு வாங்க. பைப்புக்குச் சூடு தர்றது உங்க அறைதான்னு மேலே சொன்னோமே.

4. பரண் கதவு சரியா மூடியிருக்கான்னு பாருங்க.

5. வாடகைதாரர் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, பைப் உடைஞ்சு தண்ணி புகுந்தா உங்க லேப்டாப், சர்டிஃபிகேட்டுக்கு இழப்பீடு உண்டான்னு படிச்சுப் பாருங்க. ஹீட்டரை அணைச்சிருந்தால் இழப்பீடு மறுக்கும் விதியும் சில பாலிசிகளில் இருக்கும்.

6. பைப் உடைஞ்சிடுச்சா? தண்ணி லைட், பிளக் பக்கம் போகுதுன்னா அந்த அறைக்குள் போகாதீங்க. வால்வை மூடுங்க, நிர்வாகத்தைக் கூப்பிடுங்க. வெளியே அலாரம் அடிச்சுக்கிட்டு இருந்தா 911-க்குச் சொல்லுங்க.

7. கடைசியா ஒண்ணு, ரொம்ப முக்கியம். ‘எதுக்கு வம்பு, குளிர் முடியற வரைக்கும் வால்வை மூடியே வெச்சிடலாம்’னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. தீ நேரத்தில் ஸ்ப்ரிங்க்ளர் வேலை செய்யாமல் போன சம்பவங்களில் பாதிக்கு மேல், யாரோ அதை மூடி வெச்சிருந்ததுதான் காரணம் என்கிறது என்.எஃப்.பி.ஏ. கார்ப்பெட்டைக் காப்பாத்த உயிரை அடகு வைக்க வேண்டாம். ரிப்பேருக்காக மூடினால், முடிஞ்சதும் திறந்தாங்களான்னு கேட்டு உறுதி பண்ணுங்க.

சரி, கீழ்பென்னாத்தூருக்கு இதனால் என்ன?

நம்ம ஊரில் மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் போட்டு மப்ளர் சுத்தினாலும், பைப் உறையும் அளவுக்குக் குளிர் வராது. தமிழ்நாட்டில் ஊட்டி பக்கம் தலைக்குந்தா, அவலாஞ்சியில் புல் மேல் உறைபனி படியும், அதோட சரி. ஆனால், நம்ம பிரச்னை தலைகீழ். சித்திரை மாச மத்தியானம் மாடி டேங்க் தண்ணியில் கை வைக்க முடியுமா? அங்கே குளிருக்குப் போடும் அதே போர்வை, இங்கே வெயிலுக்கு ஆகும். மாடியில் வெயில் படும் பைப்புக்கு, ஏசி காப்பர் பைப் மேல் இருக்குமே, அந்தக் கறுப்பு ஸ்பாஞ்ச் குழாயை மாட்டி, வெயிலில் பொடிஞ்சு போகாமல் மேலே ஒரு உறை போடலாம். டேங்குக்கு வெள்ளைப் பெயின்ட், மேலே ஒரு ஓலைக் கூரையோ நிழல் வலையோ போடலாம். முழுசா குளிரும்னு சொல்ல மாட்டேன். ஆனால், வித்தியாசம் தெரியும்.

சென்னையில் அப்பார்ட்மென்ட்டில் இருந்தால், அங்கேயும் ஸ்ப்ரிங்க்ளர் இருக்கலாம். குமிழில் துணி ஹேங்கரோ, பர்த்டே பலூனோ மாட்டாதீங்க. பெயின்ட் அடிக்கும்போது அதை விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க. வால்வு திறந்திருக்கா, பம்ப் ஓடுதா என்று அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரு கேள்வி கேளுங்க. தீ என்றால் 101 அல்லது 112.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் நான் என் பாணியில் விளக்கிச் சொன்னேன். ஐஸ் வண்டி சாக்கு உதாரணம் சொன்னதும் பட்டுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம் கால் போட்டுக் கொடுத்தப்போ சாப்பிட்டியான்னு கேட்கும் முன்னால் கேட்டது இதைத்தான்.

"தம்பி, பைப்புக்கு மேல மட்டும்தானே போர்த்தியிருக்கு? கீழ எதுவும் வெக்கலியே?"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அண்ணன் சொன்னார், "இரும்மா, ஒரு இடத்துல டவுட்டா இருக்கு. ஆபீஸுக்கு மெயில் போட்டு வந்து பாக்கச் சொல்றேன்."

உங்க வீட்டிலிருந்தும் யாராவது பனி நாட்டில் இருக்காங்களா? இன்னைக்கு ராத்திரி கால் பண்ணும்போது, ‘சாப்டியா’ கூடவே இந்தக் கேள்வியையும் கேளுங்க.